நித்யாவுக்கு ஒன்றரை லட்சம் என்று சொன்ன அருள்

அருள் போய்விட்டான்.

நேற்று சாயங்காலம் சென்னையிலிருந்து போன். ஆபீஸில் செய்தி டைப் பண்ணிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டானாம்... ஹார்ட் அட்டாக்.

உங்களில் பலருக்கு அவன் சென்னையில் பெரிய இங்கிலீஷ் பேப்பர் நிருபர். எனக்கு, இங்கே ஊரில் உப்பளம் ஏரியாவில் இருக்கிற எங்கள் மாலைப் பத்திரிகை ஆபீஸில் பக்கத்து நாற்காலி.

பேப்பர் அச்சுக்குப் போனதும் ஆபீஸ் டிவியில் ஒரு சீரியல் பார்ப்போம். நித்யா என்று சென்னையில் ஒரு பெண் நிருபர். கடல் தெரிகிற பிளாட், சிவப்பு கார், சீனுக்கு ஒரு டிரஸ்.

அவளுடைய சம்பளத்தைக் கணக்குப் போடுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

"வாடகையே நாப்பதாயிரம் வரும்டா" என்பேன்.

"கார் டியூவ வுட்டுட்டியே செல்வி. ஒண்ணரை லட்சம் இல்லாம இவ குடித்தனம் நடக்காது" என்பான் அருள். "ஒருநாளாவது பிரஸ்மீட் பிஸ்கட்டையே மதிய சாப்பாடா சாப்ட்ருக்காளா பாரு!"

சிரிப்பேன். ஆனால் உள்ளே எரியும்... இல்லாத ஒரு பெண்ணின் மேல்!

அப்புறம் அந்தச் சென்னை பேப்பருக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் டெஸ்ட் எழுதினோம். அவனைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றான். "உன்னதான் எடுப்பாங்கன்னு நெனச்சேன் செல்வி."

அந்த மைசூர்பாகைக் கடிக்காமலே டிராயருக்குள் வைத்து மூடினேன்.

அதோடு நித்யாவை விட்டுவிட்டேன். முகநூலில் அவன் போடுகிற போட்டோக்களைப் பார்த்து அவன் சம்பளத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஏர்போர்ட்டில் நிற்கிறானா, கொஞ்சம் கூட்டு. புது ஷூவா, இன்னும் கூட்டு...

"இன்னா, இன்னைக்கும் அவனுக்கு இன்க்ரிமென்ட் போட்டுட்டியா?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

அவன் தன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோது பீச் ரோட்டில் உட்கார்ந்து நேராகவே கேட்டுவிட்டேன்.

"கைக்கு எவ்ளோடா வருது?"

"நீ எவ்ளோன்னு நெனைக்கிற?"

"ஒரு லட்சம்."

விழுந்து விழுந்து சிரித்தான். "அதுல பாதிகூட இல்ல. ரூம்ல மூணு பேரு இருக்கோம். தோசமாவு வாங்கறதுக்கே சண்ட நடக்குது."

நம்பினேன். மனசு குளிர்ந்தது என்றுகூடச் சொல்வேன்.

அதற்குள் அவன் போன் அடித்தது. பேசிவிட்டு எழுந்தான். "நாகப்பட்டினத்துல வெள்ளமாம். ஆபீஸ்லேர்ந்து கார் அனுப்பறாங்க. போறேன் செல்வி."

கார் அனுப்புகிறார்கள்! இங்கே ஊருக்குள்ளேயே இருக்கிற மேட்டுப்பாளையம் ஏரியா கம்பெனியில் தீ என்றால், நான் என் ஸ்கூட்டியில் என் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவள்...

சம்பளம் பாதியாகிவிட்டது. பொறாமை மட்டும் முழுசாகவே இருந்தது.

மறுநாள் அவன் எழுதிய வெள்ளச் செய்தி முதல் பக்கத்தில். இடுப்பளவுத் தண்ணீரில் டிவியைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிற ஒரு அம்மாவைப் பற்றி. படித்து முடித்ததும் பேப்பரை மூடிவிட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

இன்று காலை அவன் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. சென்னையிலிருந்து அவன் எடிட்டர், நிருபர்கள், கேமராக்காரர்கள்... மந்திரி அனுப்பிய மாலை வேறு.

அழுதுகொண்டே நினைத்தேன், எனக்கு இத்தனை பேர் வருவார்களா? அங்கேயும் அந்த எண்ணம்தான் வந்தது. என்ன செய்ய.

அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேப்பர்ல போடுவீங்களா கண்ணு?" என்றார்.

நேராக ஆபீஸ் வந்து நானே எழுதினேன். டெஸ்க்கில், "உள் பக்கத்துல ஒத்தப் பத்தி போதும்மா, எடம் இல்ல" என்றார்கள்.

"மொதல் பக்கம். நாலு பத்தி. போட்டோவோட" என்றேன். "இல்லன்னா நான் இங்கேர்ந்து நகர மாட்டேன் சார்."

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

நாலு பத்தியும் வந்திருக்கிறது அருள். நீ சிரிக்கிற அந்த போட்டோதான்.

போய் வாடா.