அக்காவுக்காக எழுதிய மன்னிப்புக் கடிதங்கள்

அந்த நாவலை இன்று யாராவது சும்மா கொடுத்தாலும் தொடமாட்டேன். ஐம்பதுகளின் நடுவில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு புத்தகக் கடையில் வாடகைக்கு எடுத்தது. அப்போது எனக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் குமாஸ்தா வேலை. ஞாயிறுதோறும் பஸ் பிடித்து, காசநோய் வார்டில் கிடந்த என் அக்காவிடம் போய் இரண்டு மூன்று அத்தியாயம் வாசித்துக் காட்டுவேன்.

கதாநாயகிக்கும் காசநோய். அதனாலேயே ஆசையாக எடுத்தேன், மடையன். முடிவைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாமியாரை எதிர்த்துப் பேசிய பாவம்தான் நோயாக வந்ததாம். அவள் மாமியார் காலில் விழுகிறாள். மறுநாளே இருமல் நின்றுவிடுகிறது, டாக்டர் வாயைப் பிளக்கிறார். இந்த அபத்தத்துக்கா இத்தனை வாரம் தொண்டை வற்றப் படித்தோம் என்று எனக்கு எரிச்சல்.

அக்கா மட்டும் யோசனையில் இருந்தாள். "நானும் அத்தைய எதுத்துப் பேசியிருக்கேன்டா. பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பணும்னு."

"அது ஒரு தப்பாக்கா? ஊசி போடுறாங்கல்ல, சரியாயிடும்லா."

"நீ அத்தைக்கு ஒரு லெட்டர் எழுது. மன்னிப்புக் கேட்டுட்டா போதும்."

அவளுக்குக் கை நடுங்கும். அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'என் நோய்க்கு நானே காரணம்' என்ற வரியையும் எழுதினேன். அவள் மனம் ஆறட்டும் என்று நினைத்தேன்.

வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். அத்தான் ஞாயிறுதோறும் மகளைக் கூட்டிவந்து கீழே புல்வெளியில் நிறுத்துவார். அக்கா மாடி வராந்தாவிலிருந்து கையாட்டுவாள். அதற்காகத்தான் அவள் வாரம் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடிதம் போன பிறகு வந்த ஞாயிறு, அத்தான் தனியாக மேலே வந்தார். "அம்மா லெட்டர எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டாங்க. பாவத்துல வந்த சீக்கு, அவளே ஒத்துக்கிட்டா, பிள்ளைய அங்க கொண்டு போகக்கூடாதுங்கிறாங்க. நான் என்ன பண்றது?"

அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை. அக்காவோ என் பக்கம் திரும்பி, "நான் மன்னிப்ப சரியா கேக்கல போலடா. இன்னொண்ணு எழுதுவோமா?" என்றாள்.

எழுதினேன். மொத்தம் நான்கு கடிதம். உன் மேல் தப்பில்லை அக்கா என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசிக் கடிதத்தில் அவள் செய்யாத குற்றங்களும் இருந்தன. அவள் சொன்னாள், நான் எழுதினேன். பதில் வரவில்லை. பிள்ளையும் வரவில்லை. எல்லாம் தன்னால்தான் என்று நம்பிக்கொண்டே அக்கா செத்துப்போனாள்.