ஏணி வைத்த டப்பா

அந்தத் தெருவில் பாதி வீடுகளின் சமையலறை அலமாரிகள் கார்பென்டரின் கைவேலைதான். வேலை தொடங்கும்போது அவர் டேப்பைத் தொடவே மாட்டார். "கையைத் தூக்குங்கம்மா" என்பார். விரல்நுனி எட்டிய இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. அதற்கு மேலே பலகை கிடையாது. அடுப்படியில் யாரும் ஏறி இறங்கக் கூடாது என்பது அவர் கட்சி.

சொந்த வீட்டில் மட்டும் அந்தக் கோடு எக்கச்சக்க உயரத்தில் விழுந்தது. மனைவி அவரைவிட ஒரு சாண் உயரம். இவர் அவளை ஏணி என்பார். அவள் பதிலுக்கு முக்காலி என்பாள். அவருக்கு சுகர் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே சர்க்கரை டப்பா உச்சிப் பலகைக்குப் போய்விட்டது. "எட்டினா எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு டீ ஆற்றுவாள். இவர் முறைப்பார். அந்தச் சண்டை இல்லாமல் ஒரு பொழுதும் விடிந்ததில்லை. நல்ல காலம் அது.

அவள் போன பிறகு டப்பாவை யாரும் தொடவில்லை. மற்றதையெல்லாம் முக்காலி போட்டு ஏறித்தான் எடுத்துக்கொண்டிருந்தார் மனுஷன். வலது தோள் இறுகிப்போய், கை மார்புக்கு மேல் எழும்பாத நிலை. ஒரு நாள் உப்புக்காக ஏறி, கீழே விழுந்தார். நல்லவேளை, எலும்பு தப்பியது. மகள் அலறியடித்துக்கொண்டு வந்தாள்.

"போதும்ப்பா. என்கூட வந்துடுங்க."

ஊரார் அடுப்படிக்கெல்லாம் அளவு பார்த்தவருக்கு அந்த வீட்டை விட்டுப் போவது உயிரே போகிற மாதிரி. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்று கெஞ்சினார்.

மேடைக்குக் கீழே இருந்த கதவுகளைக் கழற்றிவிட்டு, முழுசாக வெளியே வருகிற இழுப்பறைகளைப் போட்டார். தலையை உள்ளே விட்டுத் தேடுகிற வேலை மிச்சம். தன் கை எட்டும் இடத்தில் புதுக் கோடு போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மேலே இருந்ததையெல்லாம் இறக்கித் தந்தார். சர்க்கரை டப்பாவில் கை வைத்தபோது மட்டும், "அது இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பரீட்சை வைத்தாள். உப்பு, பருப்பு, டீத்தூள் என்று அவள் சொல்லச் சொல்ல, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எடுத்து நீட்டினார். அவள் முகம் தெளிந்தது. அப்போதுதான் உச்சிப் பலகையைப் பார்த்தாள்.

"அது என்னப்பா?"

"சர்க்கரை."

"உங்களுக்கு எட்டாதே."

"எட்டக் கூடாதுன்னுதானே உங்கம்மா வெச்சா."

மகளுக்கு அம்மாவின் உயரம். அவள் கை மேலே போனது. அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அந்தக் கை டப்பாவைத் தொடவில்லை. பக்கத்தில் மங்கியிருந்த பழைய பென்சில் கோட்டைத் தடவிவிட்டு இறங்கியது. பிறகு குனிந்து, மூலையில் இருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டாள்.

"இது என் வீட்டுல இருக்கட்டும். நீங்க இங்கயே இருங்க."

அவள் போனதும் டீ போட்டு ஒரு வாய் குடித்தார். கசந்தது. நிமிர்ந்து உச்சிப் பலகையைப் பார்த்தார்.

"இப்ப திருப்தியா, ஏணி?"