மணி அடித்தால் ஹால்ட்

ஆண்டவருடைய வீட்டாரே, ஒரு பயந்தாங்கொள்ளிக்கு அவர் செய்த உபகாரத்தைச் சொல்ல எழுந்திருக்கிறேன். அவன் யாரென்று சுற்றுமுற்றும் தேட வேண்டாம். நான்தான்.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் நான். வயது நாற்பத்தாறு. வகுப்பறைக்குள் முதலில் என் தொந்தி நுழையும். பின்னால் நான் வருவேன். போன வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் எங்கள் டிரில் மாஸ்டர் யுத்தத்துக்குப் போய்விட்டார். இனி அவரவர் வகுப்புக்கு அவரவரே டிரில் எடுக்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். அதற்கு வாத்தியார்கள் எல்லோரும் கூட்டாகப் பயிற்சி எடுத்து, பரீட்சைக்கு வரும் துரை முன்னால் செய்து காட்ட வேண்டும். தேறாதவருக்குக் கோடை லீவுக்குப் பிறகு வேலை இல்லை.

ஓடாவிட்டால் வேலை போகும். ஓடினால் உயிர் போகும். என் கணக்கு அவ்வளவுதான். என் தகப்பனார் இதே வயதில் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எனக்கும் அந்த வயது வந்ததிலிருந்து, நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தாலே எனக்குக் கடைசி எக்காளம் ஊதியாயிற்று என்று முடிவு கட்டிவிடுவேன். நம் கோயிலில் பாடகர் குழு நிற்பது மேல்மாடத்தில். அந்தப் படிக்கட்டுக்குப் பயந்தே பாடுவதை நிறுத்தினேன். என் அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று குழுத் தலைவர் தேவராஜிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டேன்.

"ரெபேக்கா, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றேன் என் மனைவியிடம், முதல் நாள் கிளம்பும்போது.

"அடிச்சா நல்லதுதானேங்க. அடிக்கலைன்னாத்தான் பேஜாரு. ஜல்தி கிளம்புங்க."

கத்தோலிக்கப் பள்ளி வாத்தியார்களுக்கும் எங்களுக்கும் சேர்த்தே பயிற்சி. இடம் அவர்கள் கோயிலுக்கு எதிரே இருந்த மைதானம். சொல்லிக் கொடுத்தவர் பட்டாளத்தில் ஓய்வு பெற்ற ஹவில்தார் முனிசாமி. விறைத்த மீசை. எங்கள் அரைக்கால் சட்டைகளைப் பார்த்து அவர் சிரிக்காமல் இருந்ததே பெரிய மரியாதை. மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். பாதிச் சுற்றில் என் நெஞ்சு மத்தளம் கொட்டியது. வரிசையை விட்டு விலகி, தூங்குமூஞ்சி மரத்தடியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அருள்தாஸ், என் பெண்டாட்டிகிட்டச் சொல்லிடு" என்றேன், என்னைத் தொடர்ந்து ஓடி வந்த கத்தோலிக்க வாத்தியாரிடம்.

"என்னான்னு சொல்றது சார்?"

அதை யோசிப்பதற்குள் ஹவில்தார் வந்து நின்றார். "வாத்தியாரே, சாவறதா இருந்தா லைன்ல நின்னு சாவுங்க. ஆர்டர் கலையக் கூடாது."

அன்று முதல் நான் ஜெபித்த ஜெபங்களை வெளியில் சொல்ல வெட்கம். மழை வேண்டும் என்று ஜெபித்தேன். வந்தது, டிரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில். ஹவில்தாருக்கு லேசாக ஒரு காய்ச்சல், ஆபத்தில்லாத காய்ச்சல், கொடும் என்று கேட்டேன். அவருக்கு இருந்த இருமலும் நின்று போயிற்று. ஆண்டவருக்கும் வேடிக்கை பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு பயிற்சி விடியற்காலைக்கு மாறியது; அந்த முதல் காலையிலேயே அது நடந்தது. ஓடிக்கொண்டிருந்தோம். கத்தோலிக்கக் கோயிலில் மணி அடித்தது. மும்மூன்றாக அடித்து, கடைசியில் நீளமாக ஒலிக்கும் காலை மணி. கேட்டவுடன் நின்று ஜெபிப்பது அவர்கள் வழக்கம். முன்னால் ஓடிய அருள்தாஸும் மற்றவர்களும் அப்படியே நின்று கைகூப்பினார்கள். எங்களுக்கு அந்த வழக்கம் இல்லையே! பின்னால் வந்த புராட்டஸ்டண்டுகள் அத்தனை பேரும் அவர்கள்மேல் போய் விழுந்தோம். என் தொந்திக்கு அடியில் அருள்தாஸ் ஜெபத்தை விடாமல் முடித்தார்.

ஹவில்தார் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னையிலிருந்து மணி அடிச்சா எல்லாரும் ஹால்ட்! எந்தச் சாமிய வேணும்னாலும் கும்பிட்டுக்கோங்க. மோதிக்காம இருந்தா போதும்."

மறுநாள் மணி அடித்தது. "ஹால்ட்!" என்று ஹவில்தார் கத்தினார். நின்றோம். மூச்சு இரைக்கிறது, நெஞ்சு இடிக்கிறது, படுக்கப் பக்கத்தில் மரமும் இல்லை. எல்லோரும் தலை குனிந்திருக்கும்போது நான் மட்டும் எங்கே பார்ப்பது? நானும் குனிந்தேன். மழை, காய்ச்சல் எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, பயமாயிருக்கிறது" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். மணி ஓய்வதற்குள் நெஞ்சு தானாக அடங்கிவிட்டது. வேகமாக அடித்த நெஞ்சு தானே பழைய நிலைக்குத் திரும்பி வரும் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். தூங்குமூஞ்சி மரம் என்னை மறந்துவிட்டது.

பரீட்சை வந்தது. ஆனால் வேறு மைதானத்தில், சாயங்காலத்தில். அங்கே கோயிலும் இல்லை, மணியும் இல்லை. துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அணியை ஓட வைத்து நடத்தும் முறை எனக்கு வந்தது. ஓடிக்கொண்டே உத்தரவு கொடுக்க வேண்டும். பாதி தூரத்தில் பழைய மத்தளம் ஆரம்பித்தது. தகப்பனாரின் மாடிப்படி கண்ணுக்குள் வந்தது. ஆண்டவரே, மணி, மணி என்று மனம் கதறுகிறது. எங்கிருந்து வரும்? என்னை அறியாமல் "ஹால்ட்!" என்று அலறிவிட்டேன்.

அந்த இடத்தில் ஹால்ட்டே கிடையாது. தொலைந்தேன், வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆனால் என் அணி பழகிய பழக்கத்தில் சட்டென்று ஒரே அடியாக நின்று, கைகூப்பித் தலை குனிந்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு, எல்லோரும். மைதானமே நிசப்தம். துரை திகைத்துப் பார்த்தார். பிறகு மெள்ள எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

நானும் குனிந்தேன். பயமாயிருக்கிறது என்றேன். மணி இல்லாமலே நெஞ்சு அடங்கியது. "டபிள் மார்ச்!" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஓடி முடித்தோம்.

"நடுவில் அது என்ன?" என்று துரை கேட்டாராம். ஹவில்தார் விறைப்பாக சல்யூட் வைத்து, "மூச்சுப் பயிற்சி சார்" என்றாராம். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. எல்லோரும் தேறினோம்.

இப்போது என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே டிரில் எடுக்கிறேன். நடுவில் ஒரு ஹால்ட் உண்டு. பயப்படுகிறவர்களே, அழகான ஜெபம் வரும்வரை காத்திராதேயுங்கள். இருக்கிற பயத்தை இருக்கிறபடி அவரிடம் சொல்லுங்கள். நாம் கேட்டதைக் கொடுக்காமலேயே நமக்கு வேண்டியதைக் கொடுக்க அவருக்குத் தெரியும்.

போன ஞாயிறு படிக்கட்டு ஏறி மேல்மாடத்துக்குப் போனேன். இரைத்தது. நடுப்படியில் நின்றேன், பிறகு ஏறினேன். தேவராஜ் என்னைக் கண்டு, "சார், உங்க அடக்கத்துக்குன்னு ஒரு பாட்டு சொன்னீங்களே, அது அப்படியே இருக்கட்டுமா?" என்றார்.

"எதுக்குப்பா காத்திருக்கணும்? இன்னைக்கே பாடுங்க" என்றேன். "கீழ்க்குரல் நான் எடுக்கிறேன்."