நாலாவது எபிசோட்

எங்கள் கொல்கத்தா அனிமே ரசிகர் குரூப்பில் ஒரு கேவலமான வழக்கம் இருந்தது. "எதைப் பார்க்கலாம், எங்கே கிடைக்கும்?" என்று புதிதாக யார் கேட்டாலும், அழகான குழந்தைகள் சிரிக்கும் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் லிங்க்கை அனுப்புவோம். நாலாவது எபிசோடில் அந்தக் குழந்தைகளைத் துண்டுதுண்டாக வெட்டுவார்கள். பார்த்தவர் அலறி எழுதுவதைப் படித்து நாங்கள் சிரிப்போம்.

பெஹாலா பகுதியிலிருந்து ஒரு தமிழ் அக்கா குரூப்பில் சேர்ந்தார். "என் பொண்ணுக்கு ஏழு வயசு. அவ அனிமே பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா பார்க்கலாம்க்கா" என்று அதே லிங்க்கை அனுப்பியவன் நான்தான்.

அடுத்த ஞாயிறு பாலிகஞ்ச் ஸ்டேஷன் அருகே குரூப் ஆட்கள் எல்லோரும் நேரில் கூடினோம். மகளோடு அந்த அக்காவும் வந்தார். நான் மொபைலை எடுத்ததுமே அந்தச் சிறுமி கண்களைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க முழுசா பார்க்காம அனுப்பிட்டீங்க போல, தம்பி. நாலாவது எபிசோடை மட்டும் பார்த்துடாதீங்க. சோறு இறங்காது" என்றார் அக்கா, அக்கறையாக.

பின்னால் நண்பர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சரிக்கா, பார்க்கல" என்றேன்.

அந்த எபிசோடை நான் ஆறு முறை பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூடக் குமட்டியதில்லை. அன்று நான் சொன்ன அந்த "சரிக்கா"வை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.