பச்சைப் பெட்டியும் குழாய் ஸ்பீக்கரும்

ஓவர்டிரைவ் பெடலுக்கு உள்ளே சத்தம் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கோலி சோடாவுக்குள் காஸ் இருப்பதுபோல, கேசட்டில் கேட்கிற அந்த எலெக்ட்ரிக் கிடார் உறுமல் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. காலால் ஒரு மிதி மிதித்தால் கோலி உள்ளே போய் உறுமல் வெளியே வந்துவிடும். கிடார் எது, ஆம்ப்ளிஃபயர் எது, ஸ்பீக்கர் எது என்பதெல்லாம் அவரவர் பாடு. பெட்டி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இப்படி நம்பியபோது நான் பொடியன் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டைக்கு ஆற்றின் எதிர்க்கரையில், டவுனில் ஓர் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிற ஆள். சாயங்காலமானால் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிடார். குழுவை நடத்திய மாஸ்டர் பகலில் கணக்கு வாத்தியார். மேடையில் யாராவது தாளம் தப்பினால், பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்வதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். அவரவர் நாற்காலியிலேயே மனசால் ஏறி நிற்போம்.

அந்த வருஷம் எங்கள் கீபோர்டுகாரருக்கு அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து புதுக் கீபோர்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் புல்லாங்குழல். இன்னொன்றை அமுக்கினால் வயலின். ஒத்திகையின்போது அவர் ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டிக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றை அமுக்கினார். உறுமல். நான் கேசட்டில் கேட்டு ஏங்கிய அதே கிடார் உறுமல், கம்பியே இல்லாமல் வந்தது. எல்லாரும் கீபோர்டைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் வேனில் எப்போதுமே ஓர் ஆள் அதிகம். யாராவது டிரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவோம். மாஸ்டர் தாடியைத் தடவியபடி கேட்டார்.

“முக்கூடல் கோயில் கொடைக்குப் போறோம்லா. அந்தக் கடைசிப் பாட்டுல வார கிடார் பிட்ட நீரு வாசிக்கீரா, இல்ல இவரு பட்டன அமுக்கிக்கிடுவாரா? சும்மாதான் கேக்கேன் வே.”

ஒரு கணக்கு வாத்தியார் சும்மா கேட்கிறார் என்றால் விடையை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார் என்று அர்த்தம். வேனில் ஓர் இடம் குறையப்போகிறது, அது என் இடம். பெடல் வாங்கப்போகிறேன், இந்தக் கீபோர்டெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது என்று அறிவித்துவிட்டேன். எங்கே வாங்குவது என்று அறிவித்த பிறகுதான் யோசித்தேன்.

காப்பாற்றியவன் பேஸ் கிடார் வாசித்த என் சிநேகிதன். பாளையங்கோட்டைக்காரன், அப்பா அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அவனுடைய பெரியப்பா மகன் கப்பலில் வேலை பார்த்தார். லீவில் வந்தபோது பச்சை நிறத்தில் ஒன்று, கறுப்பு நிறத்தில் ஒன்று என்று இரண்டு பெடல் கொண்டுவந்திருந்தார். ஒன்றை எனக்குக் கொடுக்கத் தயார். மற்றது திரும்ப அவரோடு கப்பலேறிவிடும். எது வேண்டுமென்று வாசித்துப் பார்த்துச் சொல்லவேண்டியது மட்டும்தான் என் வேலை. பிடித்தது சனியன்.

முதலில் பச்சையை டவுனில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் ஊரில் அப்போது கிடாருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் யாரிடமும் கிடையாது. வீட்டில் என் ஆம்ப்ளிஃபயர் டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டர்தான். அதன் மைக் ஓட்டையில் ஒயரைச் செருகி, ரெக்கார்டு பட்டனையும் நாடாவை நிறுத்திவைக்கிற பாஸ் பட்டனையும் சேர்த்து அமுக்கினால் கிடார் அதில் பேசும். கிடார் கல்கத்தா தயாரிப்பு; டியூப் லைட்டைப் போட்டால் நான் தொடாமலே அதுவும் ‘ம்ம்’ என்று கூடப் பாடும். லைட்டை அணைத்துவிட்டுப் பெடலை மிதித்தேன். சொர்க்கம். தேன் சொட்டுகிற உறுமல். அம்மா கையில் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“டேப்பு சிக்கிட்டு போல. அணைச்சிருய்யா, நாடா அந்துரும்.”

கலை தெரியாத குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா சொன்னதில் பாதி உண்மை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. அந்த உறுமலில் பாதி டேப்ரெக்கார்டர் மூச்சுத் திணறிய சத்தம். பச்சைப் பெட்டி தானாக ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. ஏற்கெனவே திணறுகிற ஆம்ப்ளிஃபயரை விலாவில் ஒரு குத்துக் குத்தும். அந்தத் திணறலின் முட்களை எல்லாம் டேப்ரெக்கார்டரின் சின்னக் காகித ஸ்பீக்கர் மழித்துவிட்டு, வழுவழுப்பை மட்டும் வெளியே விட்டிருக்கிறது. தேங்காய்ப்பால் சொதிக்கு இஞ்சித் துவையல் மாதிரி. சொதி இருந்தால் அது அமிர்தம். சொதி இல்லாத இலையில் அதை மட்டும் வைத்தால் வைத்தியம். என்னிடம் சொதி இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை.

ஒத்திகைக்கு மாஸ்டர் வீட்டு மாடி. அங்கே இருந்தது பாட்டுக்காரர்களுக்கான பழைய ஆம்ப்ளிஃபயர், திணறத் தெரியாத முரடு. அதில் பச்சையைச் செருகினால் தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு. மாஸ்டர் ஜன்னலைச் சாத்தினார். மறுநாளே பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ் பிடித்துப் போய்ப் பச்சையைக் கொடுத்துக் கறுப்பை வாங்கினேன். மாடியில் கறுப்பு பரவாயில்லை, எதில் செருகினாலும் தானே முழுச் சத்தத்தையும் போடுகிற ரகம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து டேப்ரெக்கார்டரில் செருகினால் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைக் காய்ந்த எண்ணெயில் போட்ட மாதிரி இருந்தது. திரும்ப பஸ். திரும்பப் பச்சை. வீட்டில் தேன், மாடியில் வண்டு. திரும்பக் கறுப்பு. ஆற்றுப் பாலத்தை அந்த மாதம் என்னைப்போல் அநியாயத்துக்குத் தாண்டியவன் யாரும் இருக்க முடியாது. மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, பச்சையில் டோனைக் குறைத்து லெவலைக் கூட்டினால், கறுப்பில் டிரைவைக் குறைத்து டோனைக் கூட்டினால் என்று உதட்டை அசைத்தபடியே போவேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

சிநேகிதன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டான். “ஏலே, நீ பெடல் எடுக்கியா, பொண்ணு பாக்கியா? வாரே, பஜ்ஜி தின்னுதே, வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்னுட்டுப் போயிருதே.”

நான் என் சங்கடத்தை விளக்கினேன். எந்தப் பெட்டியும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கேட்கவில்லை, அதனால் பெட்டியில்தான் கோளாறு என்றேன்.

“கோளாறு பொட்டிலயா? உனக்குக் கோட்டி பிடிச்சிருக்குலே. சீக்கிரம் சொல்லு, அண்ணன் ஞாயித்துக்கெழமை கெளம்புதாவ.”

ஆக, சனிக்கிழமை அவன் வீட்டுக் கூடத்தில் இறுதித் தேர்வு. அவன் வாசிக்கிற, ஜெபக்கூட்ட மைக்குக்கான சின்ன ஆம்ப்ளிஃபயரில் பச்சை முதலில், கறுப்பு பிறகு. பச்சை சுமாராக இருந்தது. கறுப்பு ஈனசுரத்தில் முனகியது. காய்ச்சல்காரன் போர்வைக்குள் இருந்து தண்ணீர் கேட்கிற மாதிரி. இதுதான் இதன் உண்மையான குணம், இத்தனை நாள் நடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, பச்சையை எடுத்துக்கொண்டேன். கறுப்பு கப்பலேறியது.

கறுப்பில் பேட்டரி செத்துக்கிடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தச் சதுர பேட்டரியை நாக்கில் ஒரு தடவை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உயிர் இருந்தால் சுருக்கென்று இருக்கும். கிடார் வாசிக்கிற எவனும் அதைச் செய்யாமல் ஒரு முடிவுக்கு வரமாட்டான். ஆனால் அன்றைக்கு அவன் அம்மா எதிரே உட்கார்ந்து வேதம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நாக்கை நீட்ட ஒரு மாதிரியாக இருந்தது.

முக்கூடல் வந்தது.

கொடைக்கு மைக் செட் போட்டிருந்த அண்ணாச்சி, ஆற்றங்கரை ஊர்களில் பாதிக் கொடைகளுக்குச் செட் போடுகிறவர். மேடைக்கு இரண்டு பக்கமும் பாக்ஸ் ஸ்பீக்கர், அது போக வேப்பமரம், தென்னைமரம், கரண்டு கம்பம் என்று தெருத்தெருவாகக் குழாய் ஸ்பீக்கர், கடைசிக் குழாய் ஆற்றைப் பார்த்து. எங்கள் பக்கம் மைக் செட் பேசப் போகிறவர்கள் எத்தனை வாட்ஸ், என்ன கம்பெனி என்றெல்லாம் கேட்கமாட்டார்கள். ‘கரகரங்காதுல்லா?’ என்று மட்டும் கேட்பார்கள். அதுதான் ஒரு செட்டின் மானம். கரகரத்தால் அடுத்த கொடைக்கு வேறு செட். அண்ணாச்சியின் செட்டு அதுவரை கரகரத்ததில்லை. அதை அவர் ஒவ்வொரு குழாயின் அடியிலும் நின்று காதைச் சாய்த்துக் கேட்டு உறுதிப்படுத்துவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் வாழ்க்கை முழுவதும் எதை ஒழிக்கப் பாடுபட்டாரோ, அதை உண்டாக்குகிற பெட்டியைத்தான் நான் பையில் வைத்திருக்கிறேன்.

விவரம் தெரிந்தவன் அவரிடம் பெட்டியைக் காட்டி விஷயத்தைச் சொல்லியிருப்பான். நான் சுற்றி வளைத்தேன். கிடாரைப் பாக்ஸில் மட்டும் விட்டால் போதும், குழாயில் விடவேண்டாம் என்றேன்.

“கொழாயில வராத சத்தம் யாருக்குத் தம்பி கேக்கும்? அக்கரை வரைக்கும் கேக்கணும்னுல்லா கமிட்டில சொல்லிருக்காவ. நீங்க பைய வாசிங்க, நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் பார்த்துக்கொள்வார் என்பதுதான் என் பயம்.

விளக்கு வைத்த கையோடு கச்சேரி ஆரம்பமானது. கடைசிப் பாட்டு வரும்வரை பச்சைப் பெட்டி என் காலடியில் சாதுவாகக் கிடந்தது. கிடார் பிட்டு வந்தது. மிதித்தேன்.

வீட்டு டேப்ரெக்கார்டரில் தேனாக வந்தது, குழாய்க்குள் புகுந்து, முக்கூடலின் எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் தகரக் கூரையைப் பிய்த்தது. கடைசிக் குழாய் அதை ஆற்றில் எறிந்தது. அக்கரை அதைத் திருப்பி எறிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மேடையோரம் தன் ஆம்ப்ளிஃபயர் முன்னால் எழுந்தே நின்றுவிட்டார். எதிரி நான் என்று அவருக்குத் தெரியவில்லை. தன் செட்டுக்குத்தான் சாவு வந்துவிட்டது என்று ஒயர் ஒயராகப் பிடித்து ஆட்டினார். கரகரப்பு கிடார் வருகிற வழியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, என் சத்தத்தைக் குறைத்தார். சத்தம் குறைந்ததும் நான் பீதியில் குனிந்து பெடலின் டிரைவ் திருகைக் கூட்டினேன். கூட்டினால் சத்தம் கூடும் என்பது என் ஞானம். கூடியது கரகரப்பு மட்டும். அவர் இன்னும் குறைத்தார். நான் இன்னும் கூட்டினேன். கடைசியில் அவர் என்னை முழுதாக அணைத்தார்.

மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கீபோர்டுகாரரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவ்வளவுதான், என் இடம் போயிற்று என்று தெரிந்தது. அந்த மனுஷர் மாப்பிள்ளைச் சிரிப்போடு அந்தப் பட்டனை அமுக்கினார்.

குழாய்க்கு ஏது பாரபட்சம்? சிங்கப்பூர் உறுமலும் கூரையைப் பிய்த்தது. “போச்சு, செட்டு போச்சு” என்று அண்ணாச்சி தலையில் கைவைத்துப் புலம்பியது எனக்குக் கேட்டது. வைத்த கையை எடுத்துக் கீபோர்டையும் அணைத்தார்.

மேடையில் டிரம்மும் பேஸும் மட்டும் மிச்சம். பேஸ் வாசித்த என் சிநேகிதன் திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தான்; அவன் முதுகு குலுங்குவது தெரிந்தது. நான் செய்வதறியாமல் பெடலை மறுபடி மிதித்தேன். அது அணைந்தது. அண்ணாச்சி நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர்போல என் சத்தத்தைப் பைய, மிக மெதுவாக, ஏற்றிப் பார்த்தார். வெறும் கிடார், சுத்தமாக, குழாயெல்லாம் மணியடித்த மாதிரி வந்தது. அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பிறகு பிரசவ ஆஸ்பத்திரி வாசல்களில்தான் பார்த்திருக்கிறேன். முழுசாக ஏற்றிவிட்டார். மிச்சப் பிட்டை உறுமலும் இல்லாமல், உயிரும் இல்லாமல் வாசித்து முடித்தேன்.

சாமான் ஏற்றும்போது அண்ணாச்சி மாஸ்டரிடம் வந்து நின்றார்.

“கிடாரு தங்கம் மாஸ்டர். மொதல்ல ஏதோ ஜாயிண்டு லூசு, அப்புறம் சரியாயிட்டு. அந்தப் பட்டன் பொட்டிலதான் ஏதோ ஷார்ட்டு இருக்கு. அடுத்தால கல்லிடைக்குறிச்சிலயும் நம்ம செட்டுதான். அந்தச் சத்தத்த மட்டும் அங்க கொண்டாந்துராதீங்க.”

கீபோர்டுகாரர் அது ஷார்ட் இல்லை, டிஸ்டார்ஷன் என்று விளக்க முயன்றார். அண்ணாச்சி அவரை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் பச்சைப் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்கு அடியில் தள்ளினேன்.

வேன் கிளம்பியதும் மாஸ்டர் சொன்னார். “அந்தப் பிட்ட நீரே வாசியும் வே. சும்மா வாசியும், போதும்.”

கல்லிடைக்குறிச்சியில் நான் வாசித்தேன், வெறும் கிடாராக. அதற்குப் பிறகும் சில வருஷம், அண்ணாச்சி செட்டு போட்ட ஊர்களில் எல்லாம் அப்படித்தான். பச்சைப் பெடல் மறுபடி மேடை ஏறவில்லை. வீட்டில் டேப்ரெக்கார்டர் ரிப்பேராகும் வரைக்கும் அதில் நன்றாகக் கேட்டது.