மார்க்கர் அய்யாவு வீட்டுப் பந்தயம்

மர்பி டவுனில் அய்யாவுவைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. கண்டோன்மென்ட்டில் பெரிய அதிகாரிகள் டென்னிஸ் ஆடும் கிளப் ஒன்றில் அவன் மார்க்கர். வலை கட்டுவது, பந்து எடுத்துப் போடுவது, ஆள் குறைந்தால் எதிர்ப்பக்கம் நின்று ஆடிக்கொடுப்பது, யார் முந்துகிறார்கள் என்று உரக்கக் கூவுவது எல்லாம் அவன் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களின் ஜெயத்தையும் தோல்வியையும் கூவிவிட்டு வருகிறவனுக்கு வீட்டுக்கு வந்தால் சும்மா உட்கார முடியாது. எதற்கெடுத்தாலும் பந்தயம் வைப்பான்.

நல்லி என்று சொல்லும் தெருக்குழாயிலிருந்து குடம் தூக்கி வரும்போது யார் தண்ணீர் சிந்தாமல் வருவது, வெங்காயம் உரிக்கும்போது யார் கண் கலங்காமல் இருப்பது, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு யார் சிரிக்காமல் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தவர் அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த வீட்டுக்குத் தொரை. மற்றவர்கள் "சரிங்க தொரை" என்றுதான் பேச வேண்டும். சிரிக்காத பந்தயத்தில் அவன் மனைவி சந்திரம்மா ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அய்யாவு புருவத்தை லேசாக உயர்த்தினாலே அவள் வாயிலிருந்த தண்ணீர் எல்லார் மேலும் தெறிக்கும். பெண் காந்தாவும் பையன் ஜெயராமனும் தரையில் புரண்டு சிரிப்பார்கள்.

"ஏழு கழுதை வயசாவுது, வெக்கமே இல்ல உனக்கு" என்று சந்திரம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். ஆனால் சனிக்கிழமை வந்துவிட்டால், "நாளைக்கு இன்னா பந்தயம்?" என்று முதலில் கேட்பதும் அவள்தான்.

இந்தப் பைத்தியம் மெல்ல வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. ஒரு மழைக்காலத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டு தெருவே நாறியபோது, எல்லாரும் முனிசிபாலிட்டிக்காரர்களைத் திட்டிக்கொண்டு நின்றார்கள். அய்யாவு நடுத்தெருவில் ஒரு கயிற்றைக் கட்டினான். இந்தப் பக்கத்து வீடுகள் ஒரு கட்சி, அந்தப் பக்கத்து வீடுகள் ஒரு கட்சி, யார் பக்கத்துச் சாக்கடை முதலில் ஓடுகிறது பார்க்கலாம் என்றான். சந்திரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினாள். பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடியது. அதற்குப் பிறகு தெருவில் எந்தப் பொதுக்காரியம் என்றாலும் அந்த நான்கு பேரும் முன்னால் நிற்பார்கள் என்று ஆகிவிட்டது. அல்சூரில் தேர் ஓடும் நாளில் மோர்ப் பந்தலில் நால்வரும் டம்ளர் ஏந்தி நிற்பார்கள். யார் ஊற்றியதைக் குடித்தவர்கள் அதிகம் என்பதில் அப்பனுக்கும் மகளுக்கும் சண்டையே வரும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பனிக்காலத்தில் அம்மை வந்தது. பக்கத்துச் சந்தில் ஒரு வீடு, பிறகு இந்தச் சந்தில் இரண்டு வீடு. கதவுகளில் வேப்பிலை தொங்க ஆரம்பித்தது. ஸ்கூல் கட்டடத்தில் சர்க்கார் ஆட்கள் அம்மை குத்த வந்து உட்கார்ந்தார்கள். சின்னச் சக்கரம் போல ஒரு கருவி. அதைத் தோளுக்குக் கீழே வைத்துத் திருகினால் ரத்தம் துளிர்க்கும். ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பலர் வெளியே வரவேயில்லை. வீடு வீடாகப் போய் அவர்களைக் கூட்டி வந்தவன் அய்யாவுதான்.

"பந்தயம் இதுதான்" என்று வரிசையின் முன்னாலும் பின்னாலும் ஓடி ஓடிக் கூவினான். "குத்தும்போது சத்தம் போடாதவங்கதான் ஜெயிச்சவங்க!"

பயந்த கிழவிகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுத குழந்தைகளுக்கு வித்தை காட்டினான். காந்தா ஓவென்று அழுதாள். ஜெயராமன் உதட்டைக் கடித்துக்கொண்டு அழாமல் வந்தான், ஆனால் கடைசியில் "ஸ்" என்று ஒரு சத்தம் வந்துவிட்டது. சந்திரம்மா "அய்யோ ஆத்தா" என்றே கத்திவிட்டாள்.

"நீ?" என்றாள் அவனிடம்.

"நானா? காலையில கதவு தொறந்ததும் மொத ஆளா குத்திக்கிட்டேன். கேட்டுப்பாரு, மூச்சு விடல" என்று சட்டைக் கையை ஏற்றிக் காட்டினான். புஜத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அந்த வாரம் அவன்தான் தொரை.

அடுத்த நாளே படிப்பகத்தில் கூட்டம் போட்டார்கள். படிப்பகத்தை நடத்தி வந்த நாராயணசாமிதான் பேசினார். அம்மை வார்த்த வீடுகளின் வாசலில் கஞ்சியும் தண்ணீரும் கொண்டுபோய் வைப்பது என்று முடிவாயிற்று. அய்யாவு குடும்பம் முழுவதும் அதற்குப் பெயர் கொடுத்தது.

"ஒரு சங்கடம் இருக்கு" என்றார் நாராயணசாமி. "சோடா கம்பெனி ஞானசேகரன் தனி ஆளு. வாசல்ல வச்சா எழுந்து வந்து எடுக்க அவனால முடியல. யாராவது உள்ள போயி வாயில ஊத்தணும். குத்திக்கிட்டவங்க போகலாம்னு டாக்டர் சொல்றாரு. யாரு போறீங்க?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலையை நிமிர்த்தி அய்யாவுவைப் பார்த்தார்கள். அவன் கை தன்னாலே புஜத்துத் துணிக்குப் போனது. பிறகு வழக்கம்போலச் சிரித்தான்.

"நான் இருக்கும்போது வேற ஆளு எதுக்கு?"

"நானும் வரேன்" என்றாள் சந்திரம்மா.

"நீ வேணாம்." அவ்வளவு கடுமையாக அவன் அவளிடம் பேசியதே இல்லை. "நீயும் பசங்களும் வாசலோட நில்லுங்க. சொன்னாக் கேளு."

காலையும் சாயங்காலமும் நால்வரும் கஞ்சிப் பானையோடு கிளம்புவார்கள். யார் சிந்தாமல் நடப்பது, யார் குரல் கொடுத்தால் உள்ளே படுத்திருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள் என்று அதிலும் பந்தயம்தான். ஞானசேகரன் வீட்டு வாசலில் மட்டும் மூவரும் நின்றுகொள்வார்கள். அய்யாவு உள்ளே போவான். "இந்த வாயி முழுங்கிட்டா நீ முன்னாடி, துப்பிட்டா நான் முன்னாடி" என்று அவன் கூவுவது தெருவுக்குக் கேட்கும். ஒரு நாள் ஞானசேகரன் உள்ளேயிருந்து பலவீனமாகச் சிரித்த சத்தம் கேட்டது. வாசலில் நின்ற காந்தா கைதட்டினாள்.

ஞானசேகரன் உடம்பில் பக்கு உதிர ஆரம்பித்த சமயத்தில் அய்யாவுக்குக் காய்ச்சல் கண்டது. இடுப்பு முறிகிறது என்று கிளப்புக்குப் போகாமல் படுத்தான். ஆடி ஆடிக் களைத்த உடம்பு, வேறு ஒன்றும் இல்லை என்றான். காய்ச்சல் அனலாகக் கொதித்தபோது சந்திரம்மா வெந்நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைக்க உட்கார்ந்தாள். குளிருக்காகக் கழற்றாமலே வைத்திருந்த சட்டையைக் கழற்றினாள். புஜத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

அடியில் ஒன்றும் இல்லை. காந்தாவுக்கும் ஜெயராமனுக்கும் அவளுக்கும் கொப்புளம் வந்து, பக்குக் கட்டி, இன்னும் தொட்டால் வலிக்கும் இடத்தில், அவனுக்குத் தோல் வழவழவென்று இருந்தது. சின்ன வயசில் குத்திய பழைய தழும்புகூட இல்லை. இத்தனை வருஷமாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதில் தழும்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"இன்னாங்க இது?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பயமா இருந்துச்சு சந்திரா. ஊர்ல குத்த வரும்போதெல்லாம் கெணத்துப் படியில எறங்கி ஒளிஞ்சுக்குவேன். கிளப்புல கேட்டப்ப ஊர்ல குத்தியாச்சுன்னு சொல்லிட்டேன். அந்தச் சக்கரத்தப் பாத்தாலே எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துப் போவுது."

"அப்புறம் எதுக்குய்யா அந்த வீட்டுக்குள்ள போன?"

"எல்லாரும் என்னையே பாத்தாங்க. குத்திக்கலன்னு எப்படிச் சொல்றது? அதுவும் பசங்க முன்னாடி." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "பசங்ககிட்ட மட்டும் சொல்லிடாத."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஈரத்துணியைப் பிழிந்து அவன் நெற்றியில் போட்டாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். முத்து முதலில் முகத்தில் வந்தது, பிறகு தொண்டையில். அதற்கப்புறம் அவன் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் விடிந்து, நல்லியில் தண்ணீர் வரும் சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றுபோனது.

பிணத்தைத் தொட எல்லாரும் தயங்கினார்கள். முகமெல்லாம் புதுத் தழும்போடு ஞானசேகரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "எனக்கு வந்து போயிடுச்சு, இனிமே வராது. நான் தூக்கறேன்" என்று தலைமாட்டில் தோள் கொடுத்தான். வழியெல்லாம் குழந்தை மாதிரி அழுதுகொண்டே போனான்.

தெரு அய்யாவுவைக் கொண்டாடியது. அம்மை குத்திக்கொண்டும் விதி விடவில்லை, அடுத்தவனுக்காக உயிரைக் கொடுத்தவன் என்றார்கள். கிளப்பில் எடுத்த ஒரு படத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, படிப்பகத்தில் மாட்டினார் நாராயணசாமி. சந்திரம்மா ஒரு பங்களாவில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். காந்தா படத்துக்குப் பூ வைப்பாள். ஜெயராமன் கூடப் படிக்கும் பிள்ளைகளை அழைத்து வந்து, "எங்க நைனா" என்று காட்டுவான். சந்திரம்மா அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். துக்கம் தாங்கவில்லை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். துக்கம்தான். ஆனால் படத்தில் சிரிக்கும் அந்த முகத்தைப் பார்த்தால், 'ஒரு சின்ன வலிக்குப் பயந்து எங்களை விட்டுட்டுப் போனியே' என்று கேட்கத் தோன்றும். அதை யாரிடம் கேட்பது?

அறுபத்து மூன்றில் மறுபடி அம்மை குத்தும் ஆட்கள் வந்தார்கள். அல்சூர்ப் பக்கம் ஓரிரண்டு வீடுகளில் அம்மை கண்டிருந்தது. ஆளைக் கூட்டி வர உதவி வேண்டும் என்று ஹெல்த் இன்ஸ்பெக்டர் கேட்டதும், சந்திரம்மாவும் பிள்ளைகளும்தான் முதலில் கிளம்பினார்கள். வழக்கம் அப்படி ஆகியிருந்தது. ஆனால் இந்தத் தடவை கதவுகள் திறக்கவில்லை. பொழுது ஏறியும் படிப்பகத்தில் போட்டிருந்த பெஞ்சு காலியாகவே கிடந்தது. வாசலில் மட்டும் ஒரு கும்பல் நின்று வேடிக்கை பார்த்தது.

"ஏன் யாரும் பரல்லா?" என்று இன்ஸ்பெக்டர் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

கும்பலிலிருந்து கொத்தனார் தனக்கோடி பதில் சொன்னான். இடுப்பில் அவன் கைக்குழந்தை.

"எதுக்கு சார் வரணும்? அதோ படத்துல இருக்காரே அய்யாவு அண்ணன், அவரு மொத ஆளாக் குத்திக்கிட்டவரு. அவரையே ஆத்தா கொண்டுபோயிட்டா. அப்ப உங்க மருந்து இன்னாத்துக்கு?"

கும்பல் முழுவதும் தலையை ஆட்டியது. சந்திரம்மா இத்தனை வருஷமாக யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு பொய்யைத்தான் காப்பாற்றி வருகிறோம் என்று நினைத்திருந்தாள். தனக்கோடியின் குழந்தை அவளைப் பார்த்து வாயில் விரலை வைத்துக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் ஜெயராமன் நின்றான். மீசை அரும்பும் வயசு. அப்பன் பெயரைச் சொன்னதும் அவன் முகம் பெருமையில் மலர்ந்திருந்தது.

"அவரு குத்திக்கல" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க. என் புருஷன் குத்திக்கல. பயந்துக்கிட்டு வெறுந்துணியக் கட்டிக்கினு உங்ககிட்டயும் எங்கிட்டயும் பொய் சொன்னாரு. கடைசியில நான்தான் அவுத்துப் பாத்தேன். குத்திக்கிட்ட நான் அவரு பக்கத்துலயே இருந்தேன், எம் பசங்களும் காய்ச்சல் வந்தப்ப அதே வீட்டுலதான் இருந்தாங்க, எங்களுக்கு ஒண்ணும் ஆவல. அவரு மட்டும் போயிட்டாரு. இனிமே அவரு பேரைச் சொல்லி யாரும் புள்ளைங்களக் கொல்லாதீங்க."

தனக்கோடி குழந்தையின் சட்டையைக் கழற்றியபடி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவன் பின்னால் ஒருவர், அவர் பின்னால் ஒருவர் என்று வரிசை வந்தது. திரும்பிப் பார்த்தபோது ஜெயராமன் அங்கே இல்லை.

அந்தத் தெருவில் அந்த வருஷம் யாருக்கும் அம்மை வரவில்லை. ஆனால் படிப்பகத்தில் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. யார் எடுத்தார்கள் என்று தெரியாது. சந்திரம்மாவும் கேட்கவில்லை. காந்தா அழுதழுது கேட்டாள்: "எங்ககிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லம்மா?" ஞானசேகரன் ஒரு சாயங்காலம் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். "அப்ப நான்தான் அக்கா அவருக்குக் கொடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சந்திரம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவன் எழுந்து போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஜெயராமன் ஜோகுபாளையத்தில் ஒரு சைக்கிள் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். காந்தா சாப்பாடு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். காந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான், ஒரு மத்தியானம் தானாக வந்து வாசலில் நின்றான். ஆள் உயர்ந்து, குரல் மாறியிருந்தது. சந்திரம்மா அடுப்பிலிருந்து எழுந்தாள்.

"நைனா ரொம்பப் பயந்தாரா?" என்றான்.

"ரொம்பப் பயந்தாருடா."

அவன் உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தான்.

"எனக்குக் குத்தும்போது அவருதான் என் கையைப் புடிச்சுக்கிட்டிருந்தாரு. புடிச்சிருந்த கை அப்படி நடுங்கிச்சு. நான்தான் நடுங்கறேன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சந்திரம்மா தட்டை எடுத்து வைத்தாள். சோறு போடப் போட அவள் கண்ணீர் தட்டின் ஓரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அவனும் அதைப் பார்க்காதவன் மாதிரி, தலையைக் குனிந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான்.