மாயக்காளின் இடது கண்

மாயக்காள் சவுக்காரக் கட்டியைக் கடித்துவிட்டாள். "ஆத்தா, அது திங்கிற சாமான் இல்ல, மேலுக்குத் தேச்சுக் குளிக்கிறது" என்று உத்தமபாளையம் சந்தைக் கடைக்காரர் பதறிச் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாயில் நுரை தள்ளிவிட்டது. சுற்றி நின்றவர்கள் காக்காய் வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவி தேடி ஓடினார்கள். அவள் நிதானமாகத் துப்பினாள். தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தாள். இடது கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தாள். "வாய்க்கு ஆகாது. ஆனா அழுக்குப் போகும். நாக்குல இருந்த வெத்தலைக் கறையே போயிருச்சே!" என்று சொல்லி, கூடையில் நாலைந்து கட்டி அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

தேவாரம் என்ற ஊர்க்காரி. கூடை வியாபாரம். உப்பும் கருவாடும் புகையிலையும் சுமந்து மலையடிவாரத்து ஊர்களுக்கும், ஏறினால் குமுளி வரைக்கும் போவாள். இறங்கும்போது கூடையில் மிளகும் தேனும் சீயக்காயும் இருக்கும். தான் தின்றோ தேய்த்தோ உடுத்தியோ பார்க்காத எதையும் அவள் விற்றதில்லை. "நாக்குல வச்சாத்தான் உப்பு. நம்பிப் போட்டா மண்ணு" என்பது அவளுடைய வேதவாக்கு. கசப்போ கெடுதலோ நாக்கில் பட்டால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். அந்தக் கண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால் அவள் வாயைவிட அதைத்தான் ஊர் நம்பியது. புதுச் சாமான் எது வந்தாலும் பெண்கள் விலை கேட்பதற்கு முன்னால், "மாயக்கா கண்ணு மூடுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

மலையாளத்தையும் அவள் இப்படித்தான் கற்றாள். குமுளியில் ஒரு மிளகு வியாபாரியோடு சண்டை போட்டாள். அவன் திட்டத் திட்ட ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அடுத்த தடவை போனபோது அதே சொற்களால் அவன் தாயாரிடம் குசலம் விசாரித்தாள். அந்த அம்மாள் விளக்குமாற்றை எடுத்த பிறகுதான் எது வசவு, எது வணக்கம் என்று பிரிந்தது. மலையில் வாழும் பளியர்களிடம் உப்பு கொடுத்துத் தேன் வாங்கும்போது, இதற்கு ஏன் இவ்வளவு உப்பு கேட்கிறார்கள் என்று ஒரு சந்தேகம் வந்தது. அவர்களோடேயே போய்ப் பாறை முகட்டிலிருந்து கொடியைப் பிடித்து இறங்கினாள். பாதியில் தொங்கிக்கொண்டு, கீழே பார்க்காமல் கத்தினாள்: "தெரிஞ்சுபோச்சு! நல்லாத் தெரிஞ்சுபோச்சு! மேல தூக்குங்கப்பா!" அதற்குப்பின் தேனுக்கு அவள் பேரம் பேசியதில்லை.

அவள் புருஷன் சின்னச்சாமி வண்டிக்காரர். பேச்சு குறைவு. கல்யாணமான புதிதில் பெண்டாட்டி சொல்வதற்கு முன்பே காட்டுக் கருணைக் கிழங்கை வாயில் போட்டு, நாக்கு தடித்து, ஊரெல்லாம் சிரிக்க ஊமையாகத் திரிந்தவர். அன்றிலிருந்து ஒரு விரதம் எடுத்துக்கொண்டார். புதிதாக எது வந்தாலும் அவள் முதலில் தின்ன வேண்டும், இவர் எதிரே உட்கார்ந்து அந்த இடது கண்ணைப் பார்க்க வேண்டும். திறந்திருந்தால் வாங்கிக்கொள்வார். மூடினால் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணி காட்டுவார். குடும்பம் சண்டை சச்சரவில்லாமல் ஓடியது.

மலைமேல் பெரியாற்றில் அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். சின்னச்சாமியும் வண்டி பூட்டிக்கொண்டு சுண்ணாம்பு ஏற்றப் போனார். காய்ச்சலோடு திரும்பினார். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல். வந்தால் கட்டில் கால் ஆட ஆடக் குளிரும், பிறகு மேல் கொதிக்கும். சுக்குக் கஷாயம், நிலவேம்பு, கோயில் திருநீறு எதற்கும் அசையவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். அவரோடு போன வண்டிக்காரர்களில் ஊர் திரும்பாதவர்களும் உண்டு என்பது மாயக்காளுக்குத் தெரியும்.

அப்போதுதான் ஞானமுத்து உபதேசியார் கொய்னாத் தூளைக் கொண்டுவந்தார். உத்தமபாளையம் பக்கத்து வேதக்கார ஊரில் ஜெபமும் சொல்லி, பள்ளிக்கூடமும் நடத்துகிறவர். மாயக்காளிடம் மிளகு வாங்குகிற பழக்கம். "அணையில எல்லாருக்கும் இதைத்தான் குடுக்குறாக. முறைக்காய்ச்சலுக்கு இதுதான் மருந்து. அச்சுல போட்டுருக்கு ஆத்தா" என்றார்.

"அச்சுக்குக் காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டாள் மாயக்காள்.

கேட்டதோடு நிற்கவில்லை. வழக்கப்படி ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நாக்கில் போட்டாள். கண் மூடியது. சாதாரணமாக மூடவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல மூடியது. வலது கண்ணும் துணைக்குப் போனது. சற்று நேரத்தில் காதுக்குள் சில்வண்டு இரைந்தது. மனச்சாட்சி உள்ளவளாகையால் அதையும் மறைக்காமல் தெருவில் சொன்னாள்: "எட்டிக்கா தோத்துப்போகும். காதுல வண்டு கத்துது. வேற ஒன்னும் தெரியலை." தெரு தீர்மானித்துவிட்டது. கட்டிலில் கிடந்த சின்னச்சாமியும் பார்த்துவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எனக்கு வேணாம்" என்றார்.

உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டார். "காய்ச்சல் இருக்கிறவுக தின்னாத்தானே விடுதா இல்லையாண்டு தெரியும்? நீ கல்லுக்குண்டு மாதிரி இருந்துக்கிட்டுத் தின்னா என்ன தெரியும்?"

மாயக்காளுக்கு இது நியாயமாகப் பட்டது. எனவே காய்ச்சலைத் தேடிப் புறப்பட்டாள்.

புருஷனைப் பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, மலையேறி அணைக் கூலிக்காரர்களின் குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஈரச் சேலையோடு படுத்தாள். சதுப்புத் தண்ணீரை மொண்டு குடித்தாள். நடுங்கிக் கிடந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். அவர்கள் மிச்சம் வைத்ததைத் தானே குடித்தாள். போகிற வருகிறவர்களிடம் கையை நீட்டி, "கொஞ்சம் தொட்டுப் பாருங்க, சுடுதா?" என்று கெஞ்சினாள். பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. மலைக்காற்றில் பசிதான் கூடியது. சண்டாளக் காய்ச்சல், வேண்டாதவரை உலுக்கியது, வேண்டுகிறவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. போனபோது இருந்ததைவிடக் கன்னம் உப்பித் திரும்பி வந்தாள்.

வாசலிலேயே உபதேசியார் நின்றார். உள்ளே சின்னச்சாமி அவளை அடையாளம் தெரியாமல் யாரோ என்று கும்பிட்டார்.

"நாளைக்குப் பகல்ல மறுபடி முறை. இன்னொன்னை இவரு தாங்க மாட்டாரு. காலையிலேயே குடுத்துரு" என்றார் உபதேசியார்.

"அனுபவிக்காம நான் எப்படிச் சொல்லுவேன் உபதேசியாரே?"

"அரளி வெதை கொல்லும்ண்டு சொல்றியே. தின்னா பாத்த?"

"தின்னவுகளைப் பாத்திருக்கேன்."

"நான் கொய்னா தின்னவுகளைப் பாத்திருக்கேன். எந்திரிச்சு நடந்தாக. உன் கண்ணுக்கு ஊரே வெலை வச்சிருக்கு. என் கண்ணை நீ ஒருக்கா நம்பக் கூடாதா?"

நல்லது கெட்டது எல்லாம் தன் நாக்கைத் தாண்டித்தான் உலகத்துக்குப் போக வேண்டும் என்று இருந்தவள் மாயக்காள். இன்னொருவர் பார்த்ததை வாங்கிக்கொள்வது கொடியில் தொங்கியதைவிட அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் சின்னச்சாமிக்குத் தெளிவு வந்திருந்தது. சங்கிலியம்மாள் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த கஞ்சி தொடாமல் ஆறிக் கிடந்தது. மாயக்காள் ஒரு வெற்றிலையில் தூளைக் கொட்டிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"மலையில எனக்கும் காய்ச்சல் வந்துச்சு. கட்டில் ஆடுற குளிரு. இதைத்தான் தின்னேன். விட்டுருச்சு" என்றாள். வாழ்நாளில் முதல் பொய். அது அவள் வாயிலிருந்து நொண்டி நொண்டி வந்தது.

சின்னச்சாமி அவளுடைய உப்பிய கன்னத்தைப் பார்த்தார். "கசக்குதுண்டியே?"

"அது காய்ச்சல் காணாத நாக்கு. காய்ச்சல் வந்துபோன வாய்க்குப் பதனியாட்டம் இருக்கு. பாருங்க."

தாராளமாக அள்ளி நாக்கில் வைத்தாள். சின்னச்சாமி முழங்கையை ஊன்றி, நடுங்கிக்கொண்டே நிமிர்ந்து, வழக்கம்போல இடது கண்ணையே பார்த்தார். இமை துடித்தது. பிடித்துக்கொண்டாள். கன்னம் கோணப் பார்த்தது. பல்லைக் கடித்து நேராக வைத்துக்கொண்டாள். கண் திறந்தே இருந்தது. ஆனால் அந்தத் திறந்த கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"கண்ணுல என்னா புள்ள தண்ணி?"

"அடுப்புப் புகை" என்றாள் மாயக்காள். சொல்லிவிட்டு, விரலில் ஒட்டியிருந்ததையும் சப்பினாள். வெற்றிலையில் அவர் பங்குத் தூள் மிச்சமிருந்தது.

அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. சின்னச்சாமி அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். மருந்துக்கு வாயைத் திறந்தார்.